குதிரைப்படையின் கடைசிப் பந்தி

ஒரு குதிரைப்படையின் கதை முழுவதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் குதிரை ஏறியதில்லை. கிட்டப் போய்த் தொட்டதும் இல்லை. கணபதி என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறும் புவியியலும் எடுத்துக்கொண்டிருந்த சாதாரண டீச்சர் நான். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அந்தக் கதையை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நாங்கள் இருவரும் அதிகமாகப் பேசிக்கொண்டது அந்தக் கதையைத்தான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவருடைய ரெஜிமென்ட்டில் குதிரை பேரில் மட்டும்தான் இருந்தது. நிஜத்தில் எல்லாம் டாங்க். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை மேல் போனவர்கள், பிறகு குதிரையைக் கொடுத்துவிட்டு இரும்பு வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார்கள். பதவிப் பேர்களை மட்டும் விடவில்லை. சாதாரணச் சிப்பாய்க்குச் சவார் என்று பேர், குதிரை ஏறுகிறவன் என்று அர்த்தம். அவனுக்கு மேலே தபேதார். அதற்கும் மேலே போனால் ரிசால்தார்.

அவர் தபேதார் ஆன செய்தி வந்தபோது என் மாமியார் சென்னிமலையில் இருந்தார். சொந்தக்காரர்கள் யாரிடமும் அதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் தபேதார் என்றால் கலெக்டர் ஆபீசில் சிவப்புப் பட்டை குறுக்கே போட்டுக்கொண்டு, கலெக்டருக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு போகிறவர்தான். "பட்டாளத்துக்குப் போயி இத்தன வருசம் கழிச்சுக் கதவு தொறந்துவுடற வேலைங்களா கண்ணு?" என்று என்னிடம் கண்கலங்கக் கேட்டார். இது வேறு தபேதார், பெரிய பதவி என்று நான் எடுத்துச் சொன்னதும், "அப்பக் குதிரை குடுத்திருப்பாங்களே, அது எங்க?" என்றார். டாங்க் என்றேன். அதை அவர் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொண்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம், ரிசால்தாராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, கேட்காத ஒரு காது. வலது காதைப் பீரங்கிச் சத்தம் தின்றுவிட்டது. அதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். அது ஒறம்பரை விருந்துக்கு வந்து போகிற மாதிரிதான் இருக்கும். நான் பலகாரம் சுடுவேன், அவர் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்த் தலை காட்டுவார், எங்கள் வீட்டில் தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கும் என்று அவர் பழகுவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிடும். குழந்தை இல்லை. இரண்டு தடவை உண்டாகித் தங்கவில்லை. இரண்டு தடவையும் அவர் எல்லையில் இருந்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

மாமியார் இருந்தவரை அவருக்கு நான் துணை, எனக்கு அவர் துணை. அவரும் போன பிறகு கணபதியில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்தேன். ஒரே வாசலைப் பார்த்து ஐந்து வீடுகள். சுற்றிலும் லேத் பட்டறைகள். பகல் முழுக்க இரும்பைச் சீவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அது இருக்கும்வரை எனக்கு ஒன்றும் தோன்றாது. பட்டறைகளுக்கு விடுமுறை விட்டு அந்தச் சத்தம் நின்றுபோகிற ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வீட்டுக்குள் இருக்க முடியாது. துணி இல்லாவிட்டாலும் துவைக்கிற கல்லில் போய் நின்றுகொள்வேன். அவர் பென்ஷனில் வருகிறார் என்றதும் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு முடிந்துவிட்டன என்றுதான் நினைத்தேன்.

வந்த அன்றைக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தேன். அது சூடாக, மேலே நெய் விட்டு உண்ண வேண்டிய சமாசாரம். ஆறினால் கரண்டி உள்ளே இறங்காது. தட்டு வைத்து, "ஏனுங்க, உக்காருங்க," என்றேன்.

"இரு அம்மணி, வாரேன்," என்று எழுந்தவர் சமையலறை மூலையில் இருந்த கிரைண்டரிடம் போனார். அடியில் குனிந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். துணி கேட்டார். துடைத்தார். எண்ணெய் கேட்டார். போட்டார். பிறகு வாசலுக்குப் போய் என் மொபெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். எல்லாம் முடித்துக் கைகழுவிக்கொண்டு வந்தவர் உட்காரவில்லை. நிலைப்படியில் விறைப்பாக நின்றுகொண்டு, "நீ உண்ணு," என்றார்.

"நீங்க உண்ணுங்க மொதல்ல."

"இல்ல. நீ உண்ணு."

"ஐயோ, அதெப்படிங்க?"

அவர் நின்றார். நானும் நின்றேன். சோறு ஆறிக் கல்லாகிவிட்டது.

எங்கள் வீடுகளில் ஆம்பளைகள் உண்டு எழுந்த பிறகுதான் பொம்பளைகள் உட்காருவது. யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, பார்த்துப் பார்த்து வந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்து ஆம்பளைக்குப் பெண்டாட்டி மேல் கோபம் என்றால் அதை முதலில் சோற்றின் மேல்தான் காட்டுவார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் வந்த அன்றைக்கே நான் முடிவு செய்துகொண்டேன், இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, இத்தனை வருஷம் கழித்து என் முகத்தைப் பார்த்ததும் வெறுத்துவிட்டது என்று.

அவர் பக்கத்துக் கணக்கு எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பட்டாளத்தில் சவார்கள் சோற்றைத் தொடாமல் இருந்தால் அது பெரிய குற்றச்சாட்டாம். மேலே இருக்கிறவர் சரியில்லை என்று வாய் திறக்காமல் சொல்கிற வழியாம். நான் உண்ணாமல் நிற்பதைப் பார்த்து, இந்தப் பொம்பளைக்கு நான் வந்தது பிடிக்கவில்லை என்று அவரும் முடிவு செய்துகொண்டார். இப்படி ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் மாசக்கணக்காக ஒருவர் மேல் ஒருவர் கோபமில்லாமலே கோபத்தில் இருந்தோம். நான் அவருக்குத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு, பின்பக்கம் போய் மோரைக் குடித்துவிட்டு வருவேன். நான் டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்ட பிறகு அவர் ஆறின சோற்றை நின்றுகொண்டே உண்பார்.

பேச்சு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. கேட்காத காது என் பக்கம் இருந்தால் நான் சொன்னது அவருக்கு விழாது, மறுபடியும் சொல்ல எனக்கும் பொறுமை கிடையாது. வெளியிலும் அவருக்குப் பேச்சு ஓடவில்லை. அங்கே 'சாப்' என்று எழுந்து நின்றவர்கள் போய், இங்கே பட்டறைக்காரர்கள் 'ஏனுங்க மிலிட்டரி' என்று டீக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் அவர் டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. இருட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அந்த மௌனம் தாங்காமல்தான் கேட்டேன், "உங்க ரெஜிமென்ட்டு எப்ப ஆரம்பிச்சதுங்க?" என்று. வரலாற்று டீச்சர் வேறு என்னத்தைக் கேட்பேன்.

அவர் எழுந்து நின்றார். இருட்டில், கைலியோடு, நெஞ்சை நிமிர்த்தி நின்று ஒப்பிக்கத் தொடங்கினார். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு சவாரும் ரெஜிமென்ட் கதையை மனப்பாடம் செய்து மேலதிகாரி முன்னால் சொல்ல வேண்டுமாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அசோகர் சாலையோரம் மரம் நட்டதை ஒப்பிப்பார்களே, அதே ராகம். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் சேர்ந்தவர்கள் சொந்தக் குதிரையோடும் சொந்தக் கத்தியோடும் வந்தவர்களாம். குதிரை செத்தால் அவனுக்கு வேலையும் போச்சு. பிறகு கப்பலில் குதிரைகளை ஏற்றிக்கொண்டு யாரோ ஒரு ராஜாவுக்காக யாரோ ஒருவருடைய பாலைவனத்தில் போய்ச் சண்டை போட்டார்கள். பிறகு குதிரை போய்த் தகர வண்டி வந்தது. நாடு பிரிந்தபோது படையில் ஒரு பகுதி, அதுவரை ஒரே அடுப்பில் உண்டவர்கள், எதிர்ப்பக்கம் போகிற ரயிலில் ஏறினார்கள். "கரண்டி, தட்டக்கூட எண்ணிப் பிரிச்சோம்," என்றார். அவர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் 'பிரிச்சோம்' என்றுதான் சொன்னார். பிறகு டாங்க் வந்தது. எழுபத்தொன்றில் நடந்த சண்டையில் அவரே டாங்குக்குள் இருந்தார், குண்டு எடுத்துப் பீரங்கிக்குள் போடுகிற சின்னச் சவாராக. அந்த இடத்தை மட்டும் ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கரண்ட் போகிறபோதெல்லாம் கேட்பேன். கரண்ட் இருக்கும்போதும் கேட்க ஆரம்பித்தேன். அப்படி ஒரு நாள் பாலைவனத்துக் கதையின் நடுவில்தான் எனக்கு அது பிடிபட்டது.

"தண்ணி கொஞ்சந்தான் கெடைக்கும். மொதல்ல குதிரைக்கு. பொறவு சவாரு. பொறவு தபேதாரு. ரிசால்தாரு, ஆப்பீசரு எல்லாங் கடைசி. இன்னிக்கும் அதேதான் அம்மணி. மொதல்ல டாங்குக்கு டீசலு, எண்ணெய், பீரங்கியத் தொடைக்கோணும். பொறவு பசங்க உண்ணோணும். பசங்க எல்லாரும் உண்டாச்சான்னு பாத்துப்போட்டுத்தான் நா தட்டெடுப்பேன்."

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைத்தேன். "ஏனுங்க, அப்ப இந்த ஊட்டுல நா குதிரைங்களா, சவாருங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் உண்மையாகவே யோசித்தார். "கெரைண்டரும் மொபெட்டுந்தான் குதிரைக் கணக்கு. நீ பசங்க கணக்கு," என்றார்.

பசங்க கணக்கு! பெண்டாட்டிக் கணக்கில் வரலாம் என்று அத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு இது கிடைத்தது. கோபம் வந்தது, கூடவே நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இத்தனை நாளும் என் சோற்றை அவர் வெறுக்கவில்லை, நான் பசியாறட்டும் என்றுதான் நின்றிருக்கிறார். அதை வாய் திறந்து சொல்லியிருக்கக்கூடாதா? நானும் கேட்டிருக்கலாம்தான்.

அடுத்த நாளிலிருந்து நான் முதலில் உண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத்தான் தெரியும். அவர் நிற்க நான் உட்கார்ந்திருப்பேன். அவர் பின்னால் கைகட்டி நடந்து வந்து, "கொற ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்பார். மெஸ்ஸில் அப்படிக் கேட்பது வழக்கமாம். எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் வாசலில் இருந்து பார்த்துவிட்டார். "ஏனுங்க டீச்சர், அவரு நிக்கறாரு, நீங்க பாட்டுக்கு உக்காந்து உண்ணறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர், ஐந்து வீட்டுக்கும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்குப் பிறகு உண்ணும்போது கதவைச் சாத்திவைத்தேன். சாத்தின கதவுக்குள் நான் உண்ண அவர் பார்த்தார். பிறகு அவர் உண்ண நான் பார்த்தேன். ஒரே நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து உண்ணலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. எனக்கு வேண்டியிருந்ததே அது ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனை எஸ்டிடி கடைக்காரர் வேகமாக வந்தார். "அக்கா, மிலிட்டரி சாருக்குப் போனுங்க. வடக்க இருந்து. மறுக்காக் கூப்புடறாங்களாம்."

போய்விட்டு வந்தவருடைய முகமே மாறியிருந்தது. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சொன்னார். அவர் சண்டைக்குப் போன அதே வகை டாங்குக்கு இப்போது ஓய்வு கொடுத்துவிட்டார்களாம். ஒன்றை ரெஜிமென்ட் வாசலில் மேடை கட்டி நிறுத்தப்போகிறார்களாம். பக்கத்தில் ஒரு ஹாலில் பழைய சேணம், கத்தி, போட்டோ எல்லாம் வைக்கிறார்களாம். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளக் கதை தெரிந்த பழைய ஆள் ஒருவர் வேண்டும். தங்க ஓர் அறை தருவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மேடையில நிக்கற டாங்குக்குத் தொணை வேணுமாக்கும்?" என்றேன்.

"ஆமா அம்மணி. எண்ணெய் போட்டுத் தொடைக்காட்டித் துருப்புடிச்சுப் போயிரும்," என்றார், நான் கிண்டல் செய்வது தெரியாமல்.

எனக்கும் துருப்பிடிக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது. நீ என்ன சொல்கிறாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து கறுப்புத் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். அந்த வாரம் முழுக்க என் மனசில் இருந்தது ஒரே ஒரு விஷயம். இவர் போகக்கூடாது. இனிமேல் என்னால் தனியாக இருக்க முடியாது. ஆனால் எங்கள் கல்யாணத்திலிருந்து அன்றுவரை போகாதீர்கள் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை சட்டென்று வருமா?

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதை கேட்டேன். அவர் எப்போதும் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. "குதிரைய எல்லாங் குடுத்த அன்னிக்கு என்ன நடந்துச்சுங்க?"

அன்றைக்கு மட்டும் அவர் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"விடிகாலைல எப்பவும்போலத் தீவனம் வெச்சோம். தேச்சுவுட்டோம். ரயிலடிக்குக் கூட்டிப்போயி, பெட்டில ஏத்திக் கதவச் சாத்திபோட்டாங்க. எங்க போகுது, யாரு வெச்சுக்குவா, ஒண்ணுந் தெரியாது. திரும்பி வந்தா மெஸ்ஸுல சோறு தயாரா இருக்குது. ஒருத்தருந் தொடல. ஆப்பீசரு வந்து, ஏன்னு கேட்டாரு. எங்க கெழ ரிசால்தாரு சொன்னாரு: குதிரை தின்னுச்சான்னு தெரியாம நாங்க எப்படிங்க உண்ணறது? அன்னிக்குப் பூராப் பட்டினி. மறுநாளும் பட்டினி. பொறவு ஆர்டரு போட்டு உண்ண வெச்சாங்க."

சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ எந்தக் காலத்திலோ ரயிலேற்றிய குதிரைகளுக்காக என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் எனக்குள் எங்கிருந்தோ கொதித்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, நா ஒண்ணு கேக்கறேன். இத்தன வருசம் நீங்க அங்க இருந்தீங்களே. நா இங்க உண்டனா, பட்டினி கெடந்தனான்னு தெரியாம நீங்க எப்படிங்க உண்டீங்க?"

நல்ல காதுப் பக்கம் போய்த்தான் கேட்டேன். சத்தமாகவும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போய், ஏற்கெனவே துடைத்திருந்த மொபெட்டை மறுபடி துடைத்தார். அன்று சாயங்காலம் உண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்டிடி கடைக்குப் போய்விட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "புதங்கெழம ரயிலு," என்றார்.

அப்படியென்றால் என் கேள்வியும் தோற்றுப்போயிற்று. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, ஸ்டேஷன்வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். அழவில்லை. வழியனுப்பி வழியனுப்பி அந்த பிளாட்பாரத்தில் அழுவதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, அவர் நிற்கிற நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தடவை தனிமை முன்னால் இருந்ததைவிட மோசமாக இருந்தது. முன்பு அது பழகிப்போன தனிமை. ஒரு வருஷம் ஓர் ஆள் நடமாடிய வீட்டில் அது ஒத்து வரவில்லை. உண்ண உட்கார்ந்தால் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும், திரும்பிப் பார்ப்பேன். கிரைண்டரைத் தொடவே இல்லை, ஒருத்திக்கு மாவு எதற்கு? பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் பேசிவிட்டு வந்து, மறுநாள் காலைவரை ஒரு வார்த்தை பேசாமல் இருப்பேன். சில நாள் என் குரல் இருக்கிறதா என்று பார்க்க, சும்மா இருமிப் பார்ப்பேன்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் ஏழு மணி இருக்கும், எஸ்டிடி கடைக்காரர் கூப்பிட்டார். ஓடினேன். ரிசீவரைக் காதில் வைப்பதற்குள் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் வந்தது. காது கேட்காதவர், கத்தித்தான் பேசுவார்.

"அம்மணி! உண்டாச்சா?"

"இல்லீங்க. மணி ஏழுதானுங்களே ஆகுது?"

"செரி. போயி உண்டுபோட்டு வா. மறுக்காக் கூப்புடறேன்." வைத்துவிட்டார்.

இவருக்கு என்ன ஆயிற்று என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய், காலைச் சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டு வந்தேன். மறுபடியும் மணி அடித்தது. "உண்டாச்சா?" "ஆச்சுங்க." "செரி." அவ்வளவுதான், வைத்துவிட்டார். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. நடந்து வீடு திரும்புகிற வழியில்தான் புரிந்தது. இது நான் கேட்ட கேள்விக்குப் பதில். நேருக்கு நேர் நின்று சொல்ல முடியாத பதிலை அவர் அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்துகொண்டு அனுப்புகிறார்.

எஸ்டிடி கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. "அக்கா, உண்டாச்சான்னு கேக்கறதுக்குத் தெனமும் எஸ்டிடி போடற ஆளு ஒலகத்துலயே இவரு ஒருத்தருதானுங்க." கடையில் காத்திருப்பவர்கள்கூட, "டீச்சர், உண்டாச்சுங்களா?" என்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் ஏதோ எரிச்சல், "இன்னிக்கு உண்ணலீங்க, பசியில்ல," என்று வீம்பாகச் சொன்னேன். "செரி," என்றார். மறுநாள் அழைப்பு மத்தியானமே வந்து, நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் கடைக்காரர் டீச்சர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாராம். சாயங்காலம் அவர் குரலில் சத்தமே இல்லை. "நேத்துப் பொறவு உண்டியா?" என்றார். உண்டேன் என்றேன். "எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து அவர் பட்டினி.

"பைத்தியமாட்டப் பண்ணாதீங்க!" என்று நானும் கத்தினேன். அதற்குப் பிறகு ஏழு மணிக்கு முன்னால் எதையாவது வாயில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் ஒருவர் பசியாறினாயா என்று கேட்கிறார். ஆறிய பிறகு திரும்பி வந்தால் வீடு அதே வீடுதான். அந்தக் கேள்வி வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும். அது முடிந்த பிறகு வருகிற நேரத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியாது.

மார்கழியில் ஒரு நாள் "உண்டாச்சா?" என்று கேட்டதோடு இருமினார். இருமல் நிற்கவில்லை. "ஆச்சுங்க," என்றேன். "செரி," என்றார். வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு அந்த வரிசை ஞாபகம் வந்தது. குதிரையைச் சவார் கேட்பான். சவாரைத் தபேதார் கேட்பார். எல்லாரையும் ரிசால்தார் கேட்பார். இப்போது அவருக்குச் சவாரும் இல்லை, தபேதாரும் இல்லை, மேடையில் நிற்கிற டாங்குக்கு டீசலும் வேண்டாம். அவருடைய கணக்கில் மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. அந்த மனுஷனை யார் கேட்பார்கள்?

"இருங்க, வெச்சுபோடாதீங்க. நீங்க உண்டீங்களா?"

காது கேட்கவில்லையோ என்று கத்தினேன். "ஏனுங்க, நீங்க உண்டீங்களான்னு கேக்கறேன்!" கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக் கேட்டார். "லைன் கட்டாகலீங்கக்கா. அழுவறாருங்க," என்று மெதுவாகச் சொல்லி, திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நான் ரிசீவரை மறுபடி காதில் வைத்தேன். அவர் மெதுவாகப் பேசினார். "ரெண்டு நாளாக் காச்சலு. சோறு எறங்கல அம்மணி."

பிறகு, "உனக்கு இன்னிக்கு என்ன கொழம்பு?" என்றார்.

"கொழம்பெல்லாம் ஏதுங்க. மோருஞ்சோறுதான்."

"தெனமுமா?"

"தெனமுந்தானுங்க. ஒருத்திக்கு என்னத்த ஆக்கறது?"

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. "வாரேன் அம்மணி," என்றார் கடைசியில்.

அவர் வந்து சேருவதற்கு நாள் ஆயிற்று. சாவியை ஒப்படைக்க வேண்டும், மாற்று ஆள் வர வேண்டும், புதிதாக வந்தவனுக்கு அந்தக் கதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுவரை ஏழு மணி அழைப்பு நிற்கவில்லை. அவர் கேட்பார், பிறகு நான் கேட்பேன். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வர நேரமாகி, அவர் கேட்டபோது நான் இன்னும் உண்ணவில்லை. "உங்களுக்கு ஆச்சுங்களா?" என்றேன். அவருக்கும் ஆகவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் இப்பவே போயி உண்ணலாமுங்களா?" என்றேன்.

"செரி," என்றார்.

வேகமாக வீட்டுக்கு வந்து, சுடச்சுட ஒரு ரசம் வைத்து, அவரும் இந்நேரம் தட்டெடுத்திருப்பார் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து உண்டது அன்றுதான் முதல் தடவை.